தீ பிரித்ததா, தீயே உண்டாக்கியதா?

மண், நீர், காற்று, தீ ஆகிய நான்கின் கலவைதான் எல்லாப் பொருளும் என்று அரிஸ்டாட்டில் வழியில் ஐரோப்பா நெடுங்காலம் நம்பியது. பாராசெல்சஸ் வழிவந்த ரசவாதிகள் உப்பு, கந்தகம், பாதரசம் என்றார்கள். இந்த இரண்டு தரப்பையும் 1661இல் உலுக்கியவர் ராபர்ட் பாயில். லண்டனில் வெளியான அவருடைய 'தி ஸ்கெப்டிகல் கெமிஸ்ட்', நண்பர்கள் தோட்டத்தில் கூடி வாதிடுவதுபோல எழுதப்பட்ட நூல்.

பழைய கட்சியின் சாட்சி ஈர விறகு. அது எரியும்போது எழும் புகை காற்று, முனையில் நுரைத்துச் சொட்டுவது நீர், சுடர் தீ, சாம்பல் மண். விறகடுப்பு ஊதியவர்களுக்கு அந்த நுரை நன்றாகத் தெரியும், இல்லையா? பாயில் கேட்டார்: இவையெல்லாம் விறகுக்குள் முன்பே இருந்தனவா, தீ உண்டாக்கினதா? குவாயகம் என்ற மரத்தைத் திறந்த அடுப்பில் எரித்தால் சாம்பலும் புகைக்கரியும். அதையே வாலையிலிட்டு வடித்தால் எண்ணெய், புளித்த நீர், கரி. மரமும் ஒன்று, தீயும் ஒன்று!

பள்ளியில் வேதியியல் நடத்தும் எனக்கு இந்த இடம் உயிர். சோதனைக்குழாயில் மரச்சீவலைப் போட்டுச் சூடேற்றுவோம். பழுப்புநிறத் தார் சுவரில் வழியும். கூடவே வரும் நீர் பட்டால் நீல லிட்மஸ் சிவக்கும். குழாயின் வாயில் வரும் புகைக்குத் தீக்குச்சி காட்டினால் பற்றிக்கொள்ளும். "டீச்சர், சாம்பலே வரலையே?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும் பாருங்கள், அன்றைக்குப் பாடம் நிறைந்துவிடும். குழாய்க்குள் போதிய காற்று இல்லை. சீவல், தன் வரிகள்கூட மாறாமல், கரியாக நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாயில் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரை மட்டும் ஊற்றிப் புதினா வளர்த்தார். அதை வடித்தபோதும் எண்ணெய் வந்தது, கரி மிஞ்சியது. மண்ணையே தொடாத செடியில் கரி எப்படி? தண்ணீரே இப்படி மாறியிருக்கலாம் என்று அவர் எண்ணினார். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் செடி உண்பது அன்று யாருக்கும் தெரியாது.

இப்படிக் கேள்விகளை எழுப்பினாரே தவிர, எல்லாப் பொருளுக்கும் அடிப்படையான தனிமங்கள் எவையெவை என்று பாயில் பட்டியல் தரவில்லை. 1789இல் வேதியியலாளர் லவாய்சியே 33 பொருள்களைத் தனிமங்களாகப் பட்டியலிட்டார். அதில் ஒளியும் வெப்பமும்கூட இடம்பெற்றன. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு புதினாத் தண்டைத் தண்ணீரில் வைக்கச் சொல்லுங்கள். வேர்விட்டதும் அவர்களுக்குப் பாயிலின் கேள்வியையும் சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.