பேத்துப்பாறையில ஒரு சர்வர், திறந்து கிடந்த ஒரு போர்ட்

இன்னிக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். வீட்ல வெச்ச சர்வரை வெளியில இருந்து எப்படித் திறக்கிறதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னா, நான் பண்ணின ஒரு சொதப்பலையும் சொல்லியாகணும்.

எங்க பெரியப்பா ஊர் பேத்துப்பாறை. கொடைக்கானல் மலையில, அஞ்சுவீடு அருவி பக்கம். பீன்ஸ், சௌசௌ, கொஞ்சம் பட்டர் ஃப்ரூட். அக்கம்பக்கத்து ஏழு வீட்டுச் சரக்கும் ஒரே வேன்ல ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறங்கும். எத்தனை மூட்டை, என்ன எடை, என்ன விலை, கமிஷன் எவ்வளவு, வேன் வாடகை எவ்வளவு, எல்லாம் பெரியப்பாவோட நீல அட்டை நோட்டுல இருக்கும். தகராறு வந்தா அந்த நோட்டுதான் சாட்சி.

நான் சென்னையில ஐடி வேலை. சும்மா இருக்க முடியுமா? "நோட்டெல்லாம் எதுக்கு பெரியப்பா, ஆப் பண்ணித் தர்றேன்"னு சொல்லி, ஒரு ராஸ்பெர்ரி பை வாங்கி, அவர் வீட்டு டிவிக்குப் பின்னாடி வெச்சேன். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மேல ஒரு சின்ன வெப் ஆப். வீட்டு வைஃபைல ஜோரா ஓடுச்சு.

சென்னைக்கு வந்து திறந்து பார்த்தா, ஒண்ணும் வரல. ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் போட்டிருந்தேன். 443-ல வர்றதை பைக்கு அனுப்புன்னு சொல்லியிருந்தேன். ஆனா எதுவும் ரவுட்டர் வரைக்கும் வந்தே சேரல. ராத்திரி பூரா முழிச்சு, கடைசியில ரவுட்டரோட வெளிப்பக்க ஐபி முகவரியைப் பார்த்தேன். 100.72-ல ஆரம்பிக்குது. அப்பதான் புரிஞ்சுது.

பழைய ஐபிவி4-ல மொத்தமே சுமார் 430 கோடி முகவரிதான். ஆசியாவுக்கான கையிருப்பு 2011-லயே கிட்டத்தட்ட தீந்து, கடைசித் துண்டை அளந்து அளந்துதான் கொடுத்தாங்க. அதனால இன்டர்நெட் கம்பெனிகள் பல நூறு வீட்டுக்கு ஒரே முகவரியைப் பங்கு போட்டுக் கொடுக்குது. இதுக்குப் பேரு சிஜிநாட். இதுக்காகவே 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் 2012-ல தனியா ஒதுக்கி வெச்சாங்க. உங்க ரவுட்டர் அதுல ஒண்ணைக் காட்டினா, போர்ட் ஃபார்வர்டிங் போட்டுப் பிரயோஜனமே இல்ல.

இதை எப்படிப் புரிஞ்சுக்கலாம்னா, மலையில சில இடத்துல தபாலை எல்லாம் டீக்கடையில கொடுத்துட்டுப் போவாங்க. "எனக்கு ஒரு லெட்டர் வரும்"னு நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா டீக்கடைக்காரர் எடுத்து வைப்பார். சொல்லலைன்னா அது யாருக்குன்னு அவருக்குத் தெரியாது. சிஜிநாட்டும் அதேதான். உள்ள இருந்து கேட்டதுக்கு பதில் வரும். வெளியில இருந்து யாரும் தானா உள்ள வர முடியாது.

சரி, மாத வாடகைக்கு ஒரு கிளவுட் சர்வர் எடுத்து, டேட்டாபேஸை அங்க மாத்தினேன். அவசரம். டாக்கர்ல போட்டேன். என் லேப்டாப்ல இருந்து பார்க்க வசதியா இருக்கட்டும்னு 5432 போர்ட்டையும் வெளியில கொடுத்தேன். பாஸ்வேர்ட்? போஸ்ட்கிரெஸ். ஆமா, அந்த வார்த்தையேதான். ஃபயர்வால் இருக்கே, அது பார்த்துக்கும்னு நெனச்சேன். யூஎஃப்டபிள்யூ-ல 22, 443 ரெண்டைத் தவிர எல்லாம் மூடியிருந்துச்சு. ஸ்டேட்டஸ்லயும் அப்படித்தான் காட்டுச்சு.

ஆனா டாக்கர் போர்ட்டை வெளியிடும்போது ஐபிடேபிள்ஸ்ல தன்னோட விதிகளைத் தானே எழுதிக்கும். வர்ற பாக்கெட்டை கன்டெய்னர் பக்கம் திருப்பி விட்டுடும், யூஎஃப்டபிள்யூ காவல் நிக்கிற வழிக்கே அது வராது. இது டாக்கரோட சொந்த ஆவணத்துலயே எழுதியிருக்கு. நான் படிக்கல.

மூணு வாரம் கழிச்சு ஒரு காலையில பெரியப்பா ஃபோன். "ஏப்பா, கணக்கு வெறுமையா காட்டுதே?" உள்ள போய்ப் பார்த்தா டேபிள் எல்லாம் காலி. புதுசா ஒரே ஒரு டேபிள், அதுல பிட்காயின் கேட்டு ஒரு குறிப்பு. யாரோ உக்காந்து என்னைக் குறி வெச்சதில்ல. இன்டர்நெட் முழுக்க போர்ட் போர்ட்டா தட்டிப் பார்க்கிற பாட் வேலை. 2017 ஜனவரில மோங்கோடிபி டேட்டாபேஸ்களுக்கு ஆயிரக்கணக்குல நடந்ததும் இதுதான். 27017 போர்ட் திறந்து கிடந்துச்சு, பாஸ்வேர்டே இல்ல. அதே வருஷம் வந்த 3.6 பதிப்புல இருந்து அது தானா லோக்கல்ஹோஸ்ட்ல மட்டும்தான் கேட்கும்.

பேக்கப் இல்ல. பெரியப்பா தன் சரக்கை மட்டும் நோட்டுலயும் எழுதியிருந்தார். மத்த ஆறு வீட்டுக்காரங்க, ஆப் இருக்கேன்னு விட்டுட்டாங்க. பாதிக்கு எடைச் சீட்டு கிடைச்சுது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு லோடு, பதினோரு மூட்டை பீன்ஸ், சீட்டே இல்ல. மார்க்கெட்ல ஒன்பதுன்னாங்க. மறுத்துப் பேச எங்க கையில ஒண்ணும் இல்ல. அந்த ரெண்டு மூட்டைக் காசை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி வாங்கிக்கிட்டு, "மெசினுக்குக் கூட மறதி வருமா சாமி?"ன்னு கேட்டாங்க. என்னத்தச் சொல்ல.

இப்ப இருக்கிற அமைப்பு இதுதான். டேட்டாபேஸ் திரும்ப பேத்துப்பாறைக்கே வந்தாச்சு, 127.0.0.1-ல மட்டும் கேட்கும். பை உள்ள இருந்து கிளவுட் சர்வருக்கு வயர்கார்டு டனல் போடுது. 25 செகண்டுக்கு ஒரு தடவை சின்னதா ஒரு பாக்கெட், டீக்கடைக்காரர் மறந்துடக் கூடாதுல்ல. கிளவுட்ல 443, டனலுக்கு யூடிபி 51820, எஸ்எஸ்எச்சுக்கு 22, அவ்வளவுதான் திறந்திருக்கு. எஸ்எஸ்எச் சாவி வெச்சு மட்டும்தான், பாஸ்வேர்ட் கிடையாது. கிளவுட் கம்பெனி கொடுக்கிற ஃபயர்வாலையும் போட்டுட்டேன். அது மெஷினுக்கு வெளியிலயே நிக்கிறதால டாக்கரால சுத்திப் போக முடியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு பேக்கப்.

இன்னொண்ணு. ஃபயர்வால் ஸ்டேட்டஸை மட்டும் நம்பாதீங்க. மொபைல் டேட்டாவுல வேற லேப்டாப்பை இணைச்சு, உங்க சர்வரை என்மேப்ல ஸ்கேன் பண்ணுங்க, 65,535 போர்ட்டும். உங்க சொந்த சர்வரை மட்டும், அடுத்தவங்களோடதை இல்ல.

மழைக்காலத்துல மரம் விழுந்து கேபிள் அறுந்தா ரெண்டு நாள் எதுவும் வராது. அப்ப பாட்டி வீட்டுக் கணக்கும் நீல நோட்டுக்கே போயிடும். பெரியப்பா அவங்களுக்குன்னு தனியா ஒரு பக்கம் ஒதுக்கி வெச்சிருக்கார்.