நீருக்கு இடம் விட்டுக் கட்டுவோம்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பள்ளிவாசலுக்கு அருகிலுள்ள பொது இடத்தில், இளைஞர்கள் விளையாடவும், முதியோர் அமர்ந்து பேசவும், பெண்களும் சிறார்களும் தனியே இளைப்பாறவும் ஒரு பொழுதுபோக்கு மையம் வேண்டும் என்பது நமது நெடுநாள் விருப்பமாகும். அந்தத் தாழ்ந்த நிலத்தை மண் கொட்டி மேடாக்கி, முழுவதும் குளிரூட்டப்பட்ட மண்டபமாகக் கட்டலாம் என்று சிலர் கருதுகின்றனர். அதற்கு முன் நாம் சற்றுச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையை விட இது அதிகம். தூத்துக்குடியில் வெள்ளம் பல நாட்கள் வடியாமல் நின்றது. தாழ்ந்த நிலம் வீண் நிலமன்று. அது மழைநீரின் தங்குமிடம். அதை நாம் மேடாக்கினால், அங்கு நிற்க வேண்டிய நீர் அண்டை வீட்டார் வாசலில் நிற்கும். அண்டை வீட்டாருக்குத் துன்பம் தந்து நாம் பெறும் ஓய்வு ஓய்வாகுமா?

எனவே, தாழ்ந்த பகுதியை அப்படியே திடலாக விட்டுவிடுவோம். கோடையில் அது விளையாட்டுத் திடல். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கும் குளம். கட்டடம் மேட்டுப் பக்கத்தில் உயர்ந்த அடித்தளத்தின் மீது அமையட்டும்.

300 சதுர மீட்டர் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 3,000 லிட்டர் நீர் கிடைக்கும். மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003ஆம் ஆண்டே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. கடலோரத்தில் நிலத்தடி நன்னீரை உறிஞ்ச உறிஞ்ச உப்பு நீர் உள்ளே புகும். மழைநீரை மண்ணுக்குள் இறக்கினால் அது தடுக்கப்படும். ஓடும் ஆற்றங்கரையிலும் உளூவுக்கு நீரை விரயமாக்கக் கூடாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டல். உளூச் செய்த நீரை மணல், சரளை வழியே வடித்து வேம்புக்கும் புங்கனுக்கும் பூவரசுக்கும் பாய்ச்சலாம்.

ஆனி, ஆடியில் மேல்காற்றும், பிற்பகலில் கடற்காற்றும் நமக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. கிழக்கிலும் மேற்கிலும் எதிரெதிரே சன்னல்கள் வைத்து, வெயில் தாக்காதிருக்க அகன்ற தாழ்வாரமும் மர நிழலும் அமைத்தால், குளிரூட்டி ஒரு சிறு அறைக்கு மட்டும் போதும். விளக்குக்கும் விசிறிக்கும் கூரையிலுள்ள சூரியத் தகடுகள் உதவும்.

கட்டுமானப் பொருளிலும் கவனம் வேண்டும். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் நம் கடலின் பவளப்பாறைகள் பல்லாண்டுகள் வெட்டப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கின. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு தேய்ந்து, 2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்கிக் காக்கும் நிலை வந்தது. கரையில் நாம் எழுப்பிய சுவர்களுக்குக் கடல் கொடுத்த விலை அது. எனவே பழைய செங்கல், பழைய மரம், பழைய கதவு ஆகியவற்றை இயன்றவரை மீண்டும் பயன்படுத்துவோம்.

சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்தில் 2017இல் திறக்கப்பட்ட சமூக மையத்தில் விளையாட்டரங்கம், நூலகம், நீச்சல் குளம், உணவுக் கடைகள் அனைத்தும் ஒரே இடத்தில் உள்ளன. அங்கே உணவுக் கழிவு உரமாகிறது. நமது மையத்தில் நடக்கும் நிக்காஹ் விருந்தின் மிச்சத்தையும் உரக்குழிக்கு அனுப்பலாம். பலர் சேர்ந்துண்ணும் சஹன் நம்மிடம் இருக்க, எறிந்துவிடும் தட்டுகள் எதற்கு?

ஆகவே, வரைபடம் கேட்பதற்கு முன் நிலமட்ட அளவீட்டை எடுக்குமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று அறிந்த பின்னரே முதல் கல்லை வைப்போம். நம் பிள்ளைகளும் அண்டை வீட்டாரும் நம்மை வாழ்த்தும் வண்ணம் இப்பணி நிறைவேற வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.