குமரைக் கரைசேர்க்க ஏன் இந்த அவசரம்?

(வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



உங்களில் பலர் கடை வைத்திருக்கிறீர்கள். பதினாறு வயது மகனிடம் கல்லாச் சாவியைக் கொடுத்துவிட்டு ஹஜ்ஜுக்குப் புறப்படுவீர்களா? மாட்டீர்கள். "அவனுக்கு இன்னும் பொறுப்பு வரவில்லை" என்பீர்கள். அதே வயது மகளிடம் ஒரு குடும்பத்தையே ஒப்படைக்கத் துடிக்கிறோமே, இது என்ன நியாயம்?

அந்நிஸா அத்தியாயத்தின் 6-வது வசனத்தை எடுத்துப் பாருங்கள். அநாதைகள் திருமணப் பருவத்தை அடைந்து, அவர்களிடம் பகுத்தறியும் பக்குவத்தையும் கண்ட பிறகே அவர்களுடைய சொத்தை ஒப்படைக்கச் சொல்கிறான் இறைவன். சொத்துக்கே பக்குவம் வேண்டுமென்றால் பிள்ளை வளர்க்க வேண்டாமா?

15, 16 வயதில் அவள் உடம்பே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்குள் வயிற்றில் ஒரு கரு. தாயும் சேயும் ஒரே சோற்றுக்குப் போட்டி! குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, தாய்க்கு இரத்தசோகை என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். மாப்பிள்ளையோ இரண்டு மாத விடுமுறை முடிந்து துபாய்க்கோ சவூதிக்கோ பறந்துவிடுகிறார். காய்ச்சலில் துடிக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவள், ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒரு சிறுமி. நாளை தலாக் என்று வந்தால்? அல்லாஹ் காப்பாற்றட்டும், வந்தால்? இடுப்பில் குழந்தை, பிழைக்க ஒரு தொழில் தெரியாது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள். எல்லாச் சமூகத்தவரையும் சேர்த்த கணக்கு இது. எனவே நம்மை மட்டும் யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அதற்காக நம் வீட்டுக் கணக்கை மூடி மறைக்கலாமா?

"காலம் கெட்டுக் கிடக்கிறது" என்பது வெளியே சொல்லும் காரணம். உள்ளே இருப்பது வேறு. பெண்ணுக்கு வயது ஏறினால் நகையும் ரொக்கமும் ஏறும்! சீக்கிரம் தள்ளிவிட்டால் சில பவுன் மிச்சம். மஹர் கொடுத்து மணமுடிக்கச் சொன்ன மார்க்கத்தில் பிறந்துவிட்டு, கைநீட்டி வாங்குகிறோமே, நாம்தான் அந்தத் தகப்பனை விரட்டுகிறோம்.

2006-ஆம் ஆண்டின் சட்டப்படி, இத்தகைய திருமணத்தை நடத்தி வைப்பவருக்கும் 2 ஆண்டு வரை சிறை உண்டு. ஜமாஅத் நிர்வாகிகள் நிக்காஹ் பதிவேட்டைத் திறப்பதற்கு முன் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கட்டும்.

இளைஞனே! பெண் பார்க்கப் போகும் இடத்தில் உன் வீட்டார் எத்தனை பவுன் என்று கேட்பார்கள். நீ, என்ன படிக்கிறாள் என்று கேள். பள்ளிக்கூடம் போகிறாள் என்றால், "படித்து முடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வா.