நாய் ஏன் நடுங்குகிறது?

வீட்டு நாய் வேளைக்குச் சாப்பிடுகிறது, பிள்ளைகளோடு ஓடியாடுகிறது. திடீரென்று ஒரு நாள் மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்குகிறது. கூப்பிட்டால் கண்ணை உருட்டிப் பார்க்கிறது. எழுந்து வர மறுக்கிறது. அரை மணி கழித்து ஒன்றுமே நடவாததுபோல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறது. லயத்தில் இதைப் பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். பேயைக் கண்டுவிட்டது என்பார் ஒருவர். வெறி பிடிக்கப் போகிறது, அடித்துப் போடு என்பார் இன்னொருவர். செம்பனைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்பார் மற்றொருவர். பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்கும். வாயில்லாத ஜீவனின் உயிர், யாரோ சொன்ன ஒரு வார்த்தையில் தொங்கும்.

முதலில் வெறிநோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயம் நியாயமானதுதான். நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் கண்டது. சரவாக்கில் 2017-இல் தொடங்கி மனித உயிர்களையும் கொண்டுபோயிற்று. ஆனால் வெறிநோய் இன்று வந்து நாளை போய், அடுத்த மாதம் மறுபடி வருவதில்லை. அறிகுறி கண்ட நாய் ஏறக்குறைய பத்து நாளுக்குள் இறந்துவிடும். அதற்குள் அதன் குணமே மாறும்; குரல் மாறும்; தாடை தொங்கி எச்சில் ஒழுகும்; கண்டதையெல்லாம் கடிக்கும், அல்லது பின்னங்கால் இழுத்துக்கொண்டு விழும். ஆறு மாதமாக அவ்வப்போது நடுங்கிவிட்டு, மற்ற நேரத்தில் வாலாட்டும் நாய்க்கு வெறி இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு காத்திருப்பவர், நோய் தலைகாட்டிய பிறகு வந்தால் மருத்துவர் செய்யக்கூடியது எதுவுமில்லை என்றே சொல்லலாம்.

சரி, வெறி இல்லையென்றால் வேறென்ன?

என்னிடம் நான்காம் ஆண்டில் படித்த ஒரு பையன், "சார், எங்க நாய் சும்மாவே நடுங்குது" என்று வந்தான். அவனுக்கு ஒரு பழைய கணக்கு நோட்டைக் கொடுத்து, பத்து நாள் எழுதி வரச் சொன்னேன். எத்தனை மணிக்கு நடுங்கியது, எவ்வளவு நேரம், அதற்கு முன்னே என்ன நடந்தது, என்ன தின்றது, வானம் எப்படி இருந்தது. பையன் சோம்பேறிதான், ஆனால் நாய் விஷயத்தில் சோம்பல் காட்டவில்லை. பத்து நாளில் ஏழு தடவை நடுக்கம் வந்திருந்தது. ஐந்து தடவை அதன் பிறகு இடியோடு மழை பிடித்துக்கொண்டது. மற்ற இரண்டு நாளும் மழையே இல்லை; ஆனால் இரண்டு நாளும் பழக்குலை ஏற்றும் லோரி தோட்டத்துக்குள் வந்திருந்தது. அந்த நாய் குட்டியாக இருந்தபோது லோரிச் சக்கரத்தில் கால் மாட்டிப் பிழைத்தது என்பது அவன் அம்மாவைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

"சும்மா" என்று நாம் சொல்வது, நம் காதுக்கு எட்டாததை. மனிதக் காது ஒரு வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். நாயின் காது ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். தொலைவிலே லோரி திரும்பும் ஓசையும், மலைக்கு அப்பால் உருளும் இடியும் நமக்கு முன்னே அதற்குத் தெரிந்துவிடும்.

ஒருமுறை பட்ட பயம் எவ்வளவு ஆழத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், 1904-இல் நோபல் பரிசு பெற்றவர்; மணியோசை கேட்டு எச்சில் ஊறும் நாயைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவருடைய நகரமான லெனின்கிராடில் 1924 செப்டம்பரில் பெருவெள்ளம் வந்தது. நாய்க் கூண்டுகளுக்குள் நீர் ஏறிவிட்டது. நாய்களை நீந்தவிட்டுத்தான் காப்பாற்றினார்கள். பிறகு பார்த்தால், சில நாய்கள் நெடுநாள் பழகிய பாடங்களையே மறந்து, மிரண்டுபோயிருந்தன. மெள்ள மெள்ளத் தேற்றினார்கள். தேறிய ஒரு நாயின் அறைக்குள் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீர் ஓடவிட்டார்கள். அவ்வளவுதான், பழைய நடுக்கம் திரும்பிவிட்டது. வெள்ளத்தைப் பார்க்காத ஒருவர் அன்று அங்கே இருந்தால், ஒரு கை நீருக்கு இந்த நாய் ஏன் இப்படிப் பதறுகிறது என்றுதானே கேட்டிருப்பார்?

ஆனாலும் எல்லா நடுக்கமும் பயத்தால் வருவதல்ல. தோட்டத்தில் எனக்குக் கவலை தருவது விஷம். தாய்மார்களே, புல்லுக்கும் பூச்சிக்கும் மருந்து அடிக்கும் வேலைக்குப் போய் வருபவர்கள் உங்களில் பலர். பாராகுவாட் மருந்தை நம் நாட்டில் 2020 ஜனவரியில் தடை செய்துவிட்டார்கள். அத்தோடு ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. பூச்சி மருந்துகளில் சிலவும், காய்கறிப் பாத்திக்கு வைக்கும் நத்தை மருந்தும் நாயின் நரம்பைத் தாக்கும். எச்சில் வடியும், தசைகள் துடிக்கும், வாந்தி வரும், நடுக்கம் வலிப்பாக மாறும். அப்போது உப்புத் தண்ணீரோ புளித் தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மருந்து டின்னையோ அதன் லேபிளையோ எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். காலி டின்னைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைக்கும் வீட்டில், இன்று நாய் நடுங்கினால், அதே தரையில் தவழும் குழந்தையை எண்ணிப் பாருங்கள்.

தேரையைக் கவ்விய நாயும் நுரை தள்ளி நடுங்கும். தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, வாயைத் தண்ணீரால் அலசிவிட வேண்டும். குட்டி போட்டு இரண்டு மூன்று வாரமான தாய் நாய், விறைத்து, மூச்சிரைத்து நடுங்கினால், பாலோடு சுண்ணாம்புச் சத்து இறங்கிப்போயிற்று என்று பொருள். குட்டிகளைப் பிரித்து வைத்துவிட்டு உடனே வைத்தியரிடம் ஊசி போட வேண்டும். தாமதித்தால் தாய் பிழைக்காது. சிறு குட்டி பட்டினியால் நடுங்கினால் ஈறில் சீனித் தண்ணீர் தடவலாம். உண்ணிக் காய்ச்சலில் ஈறு வெளுத்துப்போகும். இவை தவிர, வயிற்று வலியும் முதுகு வலியும் நாய்க்கும் உண்டு; அதற்குச் சொல்லத் தெரியாது.

வலிப்பு வேறு, நடுக்கம் வேறு. நடுங்கும் நாய் பெயர் சொன்னால் காதை அசைக்கும். வலிப்பில் விழுந்த நாய்க்கு நினைவு இருக்காது; கால்கள் நீந்துவதுபோல் அடிக்கும்; சிறுநீர் போகும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆபத்து. மனிதருக்கு வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோமே, அதுபோல நாயின் வாயில் கரண்டியைத் திணிக்கப் போகாதீர்கள். கடிபடுவது உங்கள் விரல். பக்கத்திலுள்ள சாமான்களை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள், அது போதும்.

பயத்தால் நடுங்கும் நாய்க்கு என்ன செய்யலாம்? அடிப்பது கூடாது; பயத்தோடு வலியும் சேர்ந்து மேலும் கெடும். தேற்றினால் செல்லம் கொடுத்துக் கெடுத்ததாகும் என்றும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பயம் என்பது செல்லத்தால் வளரும் குறும்பு அல்ல. நம்மிடம் வந்து ஒட்டிக்கொண்டால் அமைதியாகத் தடவிக் கொடுக்கலாம். கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டால் இழுத்து வெளியே போடாமல் விட்டுவிடலாம். தீபாவளியன்றும் சீனப் புத்தாண்டன்றும் இருட்டுவதற்கு முன்பே வெளியே கூட்டிப்போய் வந்து, கதவை அடைத்து, வானொலியைச் சற்று உரக்க வையுங்கள். வெடிக்குப் பயந்து ஓடிய நாய் வீடு திரும்பாமல் போவதுண்டு. வெளியே சங்கிலியில் கட்டி வைத்தாலோ, கழுத்தை நெரித்துக்கொள்ளும். நமக்கு வாங்கிய தூக்க மாத்திரையும் காய்ச்சல் மாத்திரையும் அதற்கு விஷமாகலாம்.

பத்து நாள் நோட்டு எழுதியும் காரணம் பிடிபடவில்லையா, நடுக்கம் வர வரக் கூடுகிறதா, மாவட்டக் கால்நடை மருத்துவ அலுவலகத்துக்கு நாயைக் கொண்டுபோங்கள். அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். கைத்தொலைபேசி உள்ளவர்கள் நடுக்கத்தைப் படம் பிடித்துக் காட்டலாம். வைத்தியர் முன்னால் நாய் நடுங்காமல் சமர்த்தாக நின்றுவிடும், அதுதான் அதன் வழக்கம்.