மாதிரிக் கப்பலும் மெய்க் கப்பலும்

இன்னும் கட்டப்படாத கப்பலுக்கு எத்தனை குதிரைத்திறன் வேண்டும்? குறைந்தால் வேகம் கிட்டாது. மிகுந்தால் கப்பலின் ஆயுள் முழுவதும் வீண் செலவு. இதனை முன்னரே அறிய, 1872-ல் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் வில்லியம் ஃப்ரூட் நீர்த்தொட்டி அமைத்து, சிறு மாதிரிகளை இழுத்து அளந்தார். மாதிரியின் நீளம் கப்பலில் 16-ல் ஒரு பங்கானால், வேகம் 4-ல் ஒரு பங்காக இருத்தல் வேண்டும். அப்போது அலைத்தடை அளவுக்கேற்ப ஒத்துவரும். உராய்வோ அவ்விதிக்கு அடங்காது. அதனைத் தனியே கணக்கிட்டுக் கூட்டவேண்டும். கப்பலின் அடிப்புறம் எத்துணைச் சொரசொரப்பானது என்பதோ வெறும் அனுமானமே. 1871-ல் கடலில் இழுத்து அளந்திருந்த ‘கிரேஹவுண்ட்’ கப்பலோடு ஃப்ரூட் ஒப்பிட்டார். சொரசொரப்புக்கு இடம் தந்தபின் கணக்கு ஏறக்குறைய ஒத்தது. அந்த ‘ஏறக்குறைய’வை மறவாமல்தான் பொறியாளர் இன்றும் சிறிது மிகைத்திறன் ஒதுக்கி வைக்கின்றனர்.