தலைமடையில் தமிழ்!



மேற்கே ஓடிக் கடலிற் கலந்த பெரியாற்று நீரின் ஒரு பகுதி, 1895ஆம் ஆண்டு அணை எழுந்த பின்னர், மலைக்குடைவின் வழியே கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து வருகின்றது. தலைமடையில் விட்ட நீரே கடைமடைக்கு வரும் என்பதைக் கூடலூர் உழவர்க்கோ சின்னமனூர் உழவர்க்கோ எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கணினித்துறையிலும் இன்று அந்நிலையே வந்துள்ளது.

1991ஆம் ஆண்டு பின்லாந்தின் இலினசு தோர்வால்டுசு தொடங்கிய இலினக்சு, எவரும் எடுத்தாளவும் திருத்தவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளாகும். அதனை வழங்குவதில் புதுமுறை ஒன்று வளர்ந்து வருகின்றது. இயங்குதளம் முழுமையும் ஒரே படிமமாக வார்க்கப்பெற்று, பயனர் கைபட்டு மாறாவண்ணம் பூட்டப்பெறுகின்றது. 2018இல் அப்பெயர் பெற்ற பெடோரா சில்வர்புளூ இவ்வகையினது. புதிய படிமம் பழையதன் அருகே தனியே இறங்கும். கணினியை மீளத் தொடக்கும்போதே ஆட்சிக்கு வரும். இடையில் மின்னோட்டம் அறுந்தாலும் பழையது கெடாது. புதியது பிழைபட்டால் பழையதற்கே திரும்பலாம். பழுதுபார்ப்போர் அருகில் இல்லாத மலையடி ஊர்ப் பள்ளிக்கு இஃது அரிய நன்மையன்றோ!

ஆயின், இதிலொரு கேடும் உண்டு. பூட்டிய படிமத்தில் இல்லாததைப் பின்னர்ச் சேர்ப்பது எளிதன்று. செயலிகளைத் தனிப்பொதிகளாக வெளியே நிறுவலாம். தமிழைத் தட்டெழுதும் உள்ளீட்டு முறையோ அடித்தளத்தோடு ஒட்டியது. படிமத்தில் அது விடுபட்டால், அப்படிமம் சென்ற கணினி அனைத்திலும் விடுபடும். போடிநாயக்கனூரில் ஏலக்காய் மின்னேலத்தில் விலைபோகும் காலத்தில், அவ்வூர்ப் பிள்ளை தன் பெயரைத் தமிழில் தட்டெழுதப் பிறர் உதவியை வேண்டி நிற்பதோ?

ஆகலின், இத்தகைய திட்டத்தை மேற்கொள்வோர் பணிகளை வரிசைப்படுத்தல் வேண்டும். முதற்பணி, சென்னைத் தமிழிணைய மாநாட்டின் பின் 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகையும், ஒருங்குறி எழுத்துருக்களும், தமிழ் இடைமுகமும் படிமத்தினுள்ளேயே அமைதல். இரண்டாவது, மேம்படுத்துகையில் மாறிய கோப்புகள் மட்டுமே இறங்குதல். இணைப்பு விரைவற்ற சிற்றூர்கள் அதனால் பின்தங்கா. மூன்றாவது, பழங்கணினிகளிலும் தடையின்றி இயங்குதல். வண்ணமும் அணியும் இவற்றுக்குப் பின்னரே!

இதற்கு ஆற்றல் உண்டோ எனச் சிலர் ஐயுறலாம். 2007இல் வெளிவந்த ‘பாசு’ இயங்குதளத்தை, டெபியனை அடியாகக் கொண்டு உருவாக்கியது சென்னைச் சீடாக் நடுவமே. கேடிஈ, கினோம் ஆகிய திரைச்சூழல்களைத் தமிழ்த்தொண்டர்கள் ஊதியம் வேண்டாது தமிழாக்கி வந்துள்ளனர். கருவியும் உண்டு; உரிமையும் உண்டு; வேண்டுவது முனைப்பு ஒன்றே.

படிமத்தைப் பிறர் வார்க்க, அதிற் பின்னர்த் தமிழுக்கு இடங்கேட்டு நிற்றல் இனியும் வேண்டா. வார்க்கும் கையே தமிழ்க்கையாகுக! தலைமடையில் தமிழ் பாய்ந்தால் கடைமடையிலும் தமிழே விளையும்.

வெல்க தமிழ்!