தூங்கினவனைத் திட்டாதீர்கள்!

சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்து உட்கார்ந்திருக்கிற தம்பிகளே, உங்களுக்கு முதல் ஸ்தோத்திரம். கண் அசந்தால் அசரட்டும். இந்த மேடையிலிருந்து ஒருவரும் உங்களைத் திட்டமாட்டார்கள்.

ஏன் இதைச் சொல்கிறேன்? போன ஞாயிற்றுக்கிழமை, இந்தக் கும்மிடிப்பூண்டி வட்டாரத்துச் சபை ஒன்றில், பெயர் வேண்டாம், இரும்பு ஆலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த பையன் பிரசங்கத்தில் தூங்கிவிட்டான். போதகர் மைக்கிலேயே அவனை எழுப்பி நிறுத்தி, "ஆவிக்குரிய சிந்தை இல்லாதவன்" என்றார். சபை சிரித்தது. முன் வரிசையில் உட்கார்ந்து சிரித்தவர், அவனை அந்த ஷிப்டுக்கு அனுப்பிய லேபர் கான்ட்ராக்டர். சபையின் மூப்பரும் அவரே!

போதகரே, துரோவாவில் பவுல் பிரசங்கிக்கும்போது ஐத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டாரா, மைக்கில் மானத்தை வாங்கினாரா? சூரைச்செடியின் கீழ் தூங்கின எலியாவுக்குத் தூதன் அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். படகில் ஆண்டவரே தூங்கினார். அவரையும் எழுப்பி நிறுத்துவீரோ?

அந்த இரும்பு ஆலைப் பையன் மிஷினைத் தொடுமுன் ஒரு நிமிஷம் கண்மூடி ஜெபிக்கிறவன். பக்கத்தில் நின்ற ஜார்கண்ட் பையன் கையைச் சுட்டுக்கொண்டபோது, ஷிப்டை விட்டுவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவன் இவன். அதற்கு அரை நாள் கூலி வெட்டு. வெட்டினது யார்? அதே முன் வரிசை! இப்போது சொல்லுங்கள், ஆவிக்குரிய சிந்தை யாருக்கு இல்லை?

பாரிஸ் மடத்துச் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸைப் பற்றி நம் போதகர்கள் உருகி உருகிப் பேசுவார்கள். பாத்திரங்களுக்கு நடுவிலும் கடவுளோடே இருந்தாராம். சரி ஐயா, பாரிஸ் அடுப்பங்கரைக்கு வந்த கடவுள் கும்மிடிப்பூண்டி உலைக்கு வரமாட்டாரா? வழி தெரியாதா?

"சபையில் கூலியைப் பேசாதே, ஆத்துமாவைப் பேசு" என்கிறார்கள். ஆத்துமாவுக்கு இடுப்பு வலிக்காது, ஓ.டி.யும் கேட்காது. அவர்களுக்கு வசதி!

எனக்குத் தெரிந்த ஒரு கான்ட்ராக்டர். வேன் கண்ணாடி முழுக்க வசனம். ஒடிசா, பீகார் பிள்ளைகளை அதில் அடைத்துக்கொண்டு, ஜெபம் பண்ணிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். பி.எஃப். பிடிப்பார், கட்டமாட்டார். கேட்டால், "ஜெபத்தில் வைத்திருக்கிறேன் பிரதர்" என்பார். பி.எஃப். ஆபீசில் ஜெபத்துக்கு ரசீது போடுகிறார்களா?

வேலை நேரத்துக்கு வருவோம். நாளுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு, அதற்கு மேல் இரட்டைக் கூலி என்று 1948-லேயே சட்டம் எழுதிவிட்டார்கள். 2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன, ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, மே தினத்தன்று முதலமைச்சர் வாபஸ் அறிவித்தார். அந்தப் பத்து நாளில் நம் சபைகள் எதற்கு உபவாச ஜெபம் வைத்தன? புது சவுண்ட் சிஸ்டத்துக்கு! சட்டத்தை வாபஸ் வாங்கிவிட்டார்கள். பன்னிரண்டு மணி நேரத்தை யார் வாபஸ் வாங்கினார்கள்? அந்த இரும்பு ஆலைப் பையனைக் கேளுங்கள்.

யாக்கோபு நிருபம், ஐந்தாம் அதிகாரம். வீட்டுக்குப் போய் வாசியுங்கள். பிடித்துவைத்த கூலி கூக்குரல் போடுகிறது, அது ஆண்டவரின் காதில் விழுகிறது. மூப்பரே, உம்முடைய அந்நியபாஷை போய்ச் சேருமுன் அது போய்ச் சேர்ந்துவிடும்!

மூப்பர் தேர்தல் வருகிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவர் எத்தனை அதிகாரம் மனப்பாடம் என்று கேட்காதீர்கள். மஸ்டர் ரோலை எடுத்துவரச் சொல்லுங்கள். ஏழாம் தேதிக்குள் சம்பளம் போட்டாரா, பி.எஃப். கட்டினாரா, ஓ.டி.க்கு இரட்டைக் கூலி கொடுத்தாரா, பாருங்கள். காட்டமாட்டேன் என்றால் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தை அவர் வீட்டு வாசலிலேயே போடுவோம். மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று!